அணை உடைந்தால் நமக்கு எத்தனை நிமிடம்?

2023 மார்ச் மாதம் ஜொகூரில் பெய்த மழையைப் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். யோங் பெங், பத்து பகாட், குளுவாங், செகாமட் வட்டாரங்களில் பல்லாயிரம் பேர் வீட்டை விட்டு நிவாரண மையங்களுக்குப் போனார்கள். அந்த நாள்களில் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட பெயர் பெக்கோக் அணை. அதன் நீர்மட்டம் அபாய அளவைத் தாண்டிவிட்டது என்று படித்ததும் உங்கள் மனத்தில் என்ன கேள்வி எழுந்தது? "அணை உடைந்துவிடுமோ?" என்பதாகத்தான் இருந்திருக்கும்.

பொறியாளர்கள் இதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கிறார்கள். "ஒருவேளை உடைந்தால், கீழே இருக்கும் முதல் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வர எத்தனை நிமிடம் ஆகும்?" அணை எப்போது உடையும் என்று யாராலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஆனால் உடைந்தபின் தண்ணீர் எப்படி ஓடும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். அந்தக் கணக்கைத்தான் இன்று கணினியில் செய்து பார்க்கிறார்கள். அதை அணை உடைப்புப் போலச்செய்கை என்கிறோம். அது எப்படி நடக்கிறது, அதன் விடையை எவ்வளவு நம்பலாம், ஜொகூர் போன்ற தாழ்ந்த நிலத்தில் அதில் என்ன சிக்கல் என்று இந்த வாரம் பார்ப்போம்.

வழிவது வேறு, உடைவது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் முன்னோர் கட்டிய ஏரிகளில் மதகு, கலிங்கு என்று இரண்டு உண்டு. மதகு வழியாக வேண்டிய தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். ஏரி நிரம்பி மிஞ்சும் தண்ணீர் கரையை உடைக்காமல் தானாக வழிந்து போவதற்குக் கலிங்கு. இன்றைய அணைகளிலும் இதே ஏற்பாடுதான். மேற்கு ஜொகூரின் பெக்கோக், செம்புரோங், மாச்சாப் ஆகியவை மண்ணால் கட்டிய அணைகள். வெள்ளத்தைத் தாங்கிப் பிடிப்பதும் குடிநீருக்குத் தண்ணீர் சேர்ப்பதும் அவற்றின் வேலை. பெருமழைக் காலத்தில் மிஞ்சிய நீர் கலிங்கு வழியாக வெளியேறினால் அணை தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். கீழே இருக்கும் ஊர்களில் வெள்ளம் வரலாம், ஆனால் மட்டம் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல உயரும்.

உடைப்பு அப்படியில்லை. மண் அணைக்கு இரண்டு பெரிய பகைகள் உண்டு. ஒன்று, கலிங்கால் சமாளிக்க முடியாத அளவு தண்ணீர் வந்து கரையின் தலைக்கு மேலேயே வழிந்து மண்ணை அரிப்பது. மற்றொன்று, கரைக்குள்ளே ஒரு சிறு கசிவு ஏற்பட்டு, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சென்று குழாய்போல் பெருகுவது. இரண்டாவது வகை மழையே இல்லாத நாளிலும் நடக்கலாம். அதனால்தான் பொறியாளர்கள் இரண்டு கணக்குகள் போடுகிறார்கள். ஒன்று பெருமழை நாளில் உடைவதாக, இன்னொன்று வெயில் நாளில் உடைவதாக. வெயில் நாள் கணக்கில் தண்ணீரின் அளவு குறைவாக இருக்கும். ஆனால் யாரும் எதிர்பார்த்துக் காத்திருக்க மாட்டார்கள் என்பதால் அதன் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது.

பெயரில் நிற்கும் உடைப்பு

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். சிலாங்கூரில் கோலகுபு நகருக்கு மேலே இருந்த ஓர் அணை 1883இல் கனமழையில் உடைந்தது. பலர் இறந்தார்கள். அவ்வட்டாரத்தின் பிரிட்டிஷ் அதிகாரி ராங்கிங்கும் அவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் நகரமே இடம் மாறி கோலகுபு பாரு ஆனது. பழைய நகர் இருந்த இடத்துக்கு இன்று அம்பாங் பெச்சா என்று பெயர். மலாயில் அதற்கு 'உடைந்த அணை' என்று பொருள்.

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் உள்ள கந்தளாய்க் குளம் மிகப் பழமையானது. 1986 ஏப்ரல் 20ஆம் தேதி விடியற்காலை சுமார் 3 மணிக்கு அதன் கரை உடைந்தது. ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரம். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1976 ஜூன் 5ஆம் தேதி புதிதாகக் கட்டிய டீட்டன் மண் அணை உடைந்தது. காலையில் கசிவைப் பார்த்தார்கள். நண்பகல் நெருங்கும்போது அணை இடிந்தது. கந்தளாயைவிட மிகப் பெரிய வெள்ளம். ஆனாலும் இறந்தவர்கள் 11 பேர். பகல் நேரமும், கசிவு கண்டபின் கீழே இருந்த ஊர்களுக்குச் சொல்லி அனுப்பக் கிடைத்த சில மணி நேரமும் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றின.

அணை உடைப்பில் உயிர்ச்சேதத்தைத் தீர்மானிப்பதில் தண்ணீரின் அளவுக்கு இணையாக முன்னறிவிப்பு நேரத்துக்கும் பங்கு உண்டு. கணினிக் கணக்கின் முதல் பயன் இந்த நேரத்தைச் சொல்வதுதான்.

1892இல் போட்ட கணக்கு

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் நீரியல் ஆய்வகங்களில் கண்ணாடிச் சுவர் கொண்ட நீண்ட கால்வாய்களைப் பார்க்கலாம். அப்படி ஒரு கால்வாயின் நடுவே ஒரு கதவு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இடது பக்கம் தண்ணீர் நிரம்பி நிற்கிறது. வலது பக்கம் காய்ந்த தரை. கதவைச் சட்டென்று மேலே தூக்கிவிட்டால் என்ன நடக்கும்?

ஜெர்மானியப் பொறியாளர் ரிட்டர் 1892இல் இதற்கு ஒரு விடை கண்டார். தரையில் உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டு அவர் போட்ட கணக்கு மிக எளிமையானது. நீர் 10 மீட்டர் ஆழம் நின்றதாக எடுத்துக்கொள்வோம். அந்த ஆழத்தில் ஓர் அலை நகரும் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 9.9 மீட்டர். உடைப்பின் முன்முனை அதைப்போல் இரு மடங்கு வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 71 கிலோமீட்டரில் பாயும். அதே நேரத்தில் நீர்மட்டம் சரியும் ஓர் அலை பின்னோக்கி, நீர்த்தேக்கத்துக்குள் ஓடும். அணை இருந்த இடத்திலோ ஆழம் 10 மீட்டரில் ஒன்பதில் நான்கு பங்காக, சுமார் 4.4 மீட்டரில் நிலைத்து நிற்கும்.

கீழே ஆற்றில் ஏற்கெனவே 1 மீட்டர் தண்ணீர் இருந்தால் கதை மாறுகிறது. அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் முன்முனையின் வேகம் மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டராகக் குறைகிறது. ஆனால் மெல்லிய நாக்குபோல் வந்த நீர் இப்போது சுவர்போல் நிமிர்கிறது. 1 மீட்டர் ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆறு, அலை வந்த கணத்தில் ஏறக்குறைய 4 மீட்டர் ஆகிவிடும். மெல்ல ஏறும் வெள்ளத்தில் மாடிக்குப் போக நேரம் கிடைக்கும். இதில் கிடைக்காது.

உண்மையான ஆற்றில் உராய்வு உண்டு, வளைவு உண்டு, மரம் உண்டு. அதனால் இந்த வேகங்கள் மேல் எல்லைகள் மட்டுமே. ஆனால் புதிதாக எழுதும் எந்தக் கணினி நிரலையும் முதலில் சோதிப்பது இந்தப் பழைய கணக்கை வைத்துத்தான். ரிட்டரின் விடையைக்கூடச் சரியாகத் தராத நிரல் உண்மையான ஆற்றுக்கு உதவாது.

ஆற்றைத் துண்டு போடுவது

உண்மையான ஆற்றுக்கு எப்படிக் கணக்குப் போடுவது? பிரெஞ்சு அறிஞர் செயின்ட் வெனான் 1871இல் வெளியிட்ட சமன்பாடுகள்தான் இன்றும் அடிப்படை. அவை இரண்டு விஷயங்களைத்தான் சொல்கின்றன. முதலாவது, தண்ணீர் காணாமல் போகாது. ஓர் இடத்துக்குள் வந்ததிலிருந்து வெளியே போனதைக் கழித்தால் அங்கே தங்கியது கிடைக்கும். இரண்டாவது, தண்ணீரின் வேகம் காரணமில்லாமல் மாறாது. நிலச்சரிவும் நீர்மட்ட வேறுபாடும் அதை முடுக்கும், உராய்வு அதைத் தடுக்கும்.

கணினி செய்வது இதுதான். ஆற்றையும் கரையோர நிலத்தையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் இப்போது எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்று குறித்துக்கொள்கிறது. பிறகு பக்கத்துக் கட்டங்களோடு தண்ணீரைக் கொடுத்து வாங்கி, அடுத்த கணத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. இப்படியே கணம் கணமாக முன்னே போகிறது.

இதில் மீற முடியாத ஒரு விதி உண்டு. ஒரு கணத்தில் அலை ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக் கூடாது. தாண்டினால் விடை தாறுமாறாகிவிடும். கட்டம் 10 மீட்டர் அகலம், வேகம் மிகுந்த அலை வினாடிக்கு 20 மீட்டர் என்றால், கணினி அரை வினாடிக்கு மேல் அடி எடுத்து வைக்கக் கூடாது. 100 சதுரக் கிலோமீட்டர் நிலத்தை 10 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 10 லட்சம் கட்டங்கள். 6 மணி நேர வெள்ளத்துக்கு 43,200 அடிகள். இரண்டையும் பெருக்கினால் 4,320 கோடிக் கணக்குகள்! ஒரு காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத இந்த வேலையை இன்று ஒரு நல்ல மேசைக் கணினியே செய்துவிடுகிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இலவசமாகத் தரும் ஹெக்-ராஸ் என்ற மென்பொருளைப் பல நாடுகளில் இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

அணை உடைப்புக்கு மட்டும் உரிய தொல்லை, அந்தச் சுவர் போன்ற முன்முனை. ஒரு கட்டத்தில் 4 மீட்டர் ஆழம், அடுத்த கட்டத்தில் 1 மீட்டர் அல்லது ஒன்றுமே இல்லை. சாதாரணக் கணக்கு முறைகள் இந்த இடத்தில் தடுமாறும். அலையின் தலையில் இல்லாத மேடுபள்ளங்களைக் காட்டும். சில நேரம் ஆழம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டதாகச் சொல்லும். எனவே ஒவ்வொரு இரண்டு கட்டங்களுக்கும் நடுவே ரிட்டரின் கதவுபோல் ஒரு குட்டிக் கதவு இருப்பதாகவும், ஒவ்வொரு கணமும் அது திறப்பதாகவும் எண்ணிக் கணக்கிடும் முறையைக் கையாள்கிறார்கள். ரஷ்யக் கணித அறிஞர் கொதுனோவ் 1959இல் காற்று அதிர்வலைகளுக்காகச் சொன்ன வழி இது. பின்னர் வெள்ளத்துக்கும் கைகொடுத்தது.

மின்மாற்றிகள் சொன்ன சாட்சி

கணினி தரும் விடை சரியா என்று பார்க்க, நிஜமாக உடைந்த அணையின் அளவுகள் வேண்டும். கொதுனோவின் முறை வெளிவந்த அதே 1959ஆம் ஆண்டு, டிசம்பர் 2ஆம் தேதி இரவு, தெற்கு பிரான்ஸில் மால்பாசே என்ற கான்கிரீட் வளைவு அணை நொடிப்பொழுதில் இடிந்தது. 423 பேர் இறந்தனர். வெள்ளம் பாய்ந்த வழியில் மூன்று மின்மாற்றிகள் இருந்தன. ஒவ்வொன்றும் அலை மோதி நின்றுபோன நேரம் மின்பதிவில் இருந்தது. தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்பதற்கான தடங்களைக் காவல்துறையினர் இரு கரைகளிலும் அளந்தார்கள். பின்னர் 400இல் ஒரு பங்கு அளவில் அந்தப் பள்ளத்தாக்கின் மாதிரியைக் கட்டி, ஆய்வகத்தில் வெள்ளத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

இன்றும் உலகெங்கும் அணை உடைப்பு நிரல் எழுதுவோர் தங்கள் விடையை மால்பாசே அளவுகளோடு ஒப்பிடுகிறார்கள். அலை வந்துசேரும் நேரத்தை நல்ல நிரல்கள் உண்மைக்கு நெருக்கமாகவே சொல்கின்றன. ஆக, தண்ணீர் ஓடும் கணிதத்தை நாம் பெரிதும் நம்பலாம். சந்தேகம் இருப்பது வேறு இடத்தில், கணினிக்குள் நாம் போடும் விவரங்களில்.

ஜொகூர் நிலம் வைக்கும் சோதனை

அதில் முதலாவது, உடைப்பு எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பது. மால்பாசே போல் மண் அணை நொடியில் இடியாது. அரித்து அரித்துத்தான் வாய் பிளக்கும். 1 கோடி கன மீட்டர் நீர் உள்ள ஒரு தேக்கத்தைக் கற்பனை செய்யுங்கள். அது 1 மணி நேரத்தில் காலியானால் வினாடிக்குச் சராசரியாக 2,780 கன மீட்டர் பாயும். 5 மணி நேரம் எடுத்தால் சுமார் 560 கன மீட்டர்தான். தண்ணீர் ஒன்றுதான், ஆபத்து ஐந்து மடங்கு வேறுபடுகிறது. எனவே நேர்மையான ஆய்வு ஒரே விடையைத் தராது. வேகமான உடைப்பு, மெதுவான உடைப்பு என்று பலவற்றைக் கணக்கிட்டு, மோசமானதற்குத் தயாராகச் சொல்லும்.

இரண்டாவது, நிலத்தின் உயரம். மலைப் பள்ளத்தாக்கில் வெள்ளம் எந்த வழியே போகும் என்பதில் சந்தேகமில்லை. பத்து பகாட் ஆற்றுச் சமவெளி அப்படியில்லை. அங்கே அலை விரைவில் வேகம் இழக்கும். ஆனால் அகலமாகப் பரவும், நாள்கணக்கில் தேங்கும். அரை மீட்டர் உயர வேறுபாடு ஒரு கம்போங் மூழ்குமா தப்புமா என்பதைத் தீர்மானிக்கும்.

அந்த அரை மீட்டரை எப்படி அறிவது? 2000ஆம் ஆண்டு விண்ணோடம் ஒன்றிலிருந்து ரேடார் அலைகளால் உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை அளந்தார்கள். அந்த வரைபடம் இன்று எவருக்கும் இலவசம். ஆனால் அடர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் அந்த அலைகள் தரையைத் தொடாமல் மரக்கூட்டத்திலேயே பட்டுத் திரும்பின. செம்பனைத் தோட்டம் அந்த வரைபடத்தில் ஒரு மேடாகத் தெரியும். அதை அப்படியே கணினியில் போட்டால், தண்ணீர் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போவதாகக் கணக்கு சொல்லும். தோட்டக் குடியிருப்புகள் பத்திரம் என்று காட்டும். உண்மை நேர்மாறாக இருக்கலாம். இதற்காகத்தான் விமானத்திலிருந்து லேசர் கதிர்களை அனுப்பி, இலை இடுக்குகள் வழியாகத் தரையைத் தொட்டு அளக்கும் முறையைப் பொறியாளர்கள் வற்புறுத்துகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்கு ஜொகூரின் பல இடங்களில் பீட் எனப்படும் கரிய சதுப்பு மண். அதில் வடிகால் வெட்டிப் பயிரிட்டால் மண் காய்ந்து சிதைந்து இறங்கும். அங்கே நடந்த ஆய்வுகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வீதம் நிலம் தாழ்வதைக் காட்டியுள்ளன. 25 ஆண்டுப் பழைய நில அளவை வரைபடம் அரை மீட்டர் பிசகாக இருக்கலாம் என்று பொருள்.

மூன்றாவது, மனிதர்கள் எழுப்பிய தடைகள். நெடுஞ்சாலை மேடும் ரயில்பாதை மேடும் வெள்ளத்துக்கு இன்னோர் அணை போலத்தான். அவற்றின் கீழே செல்லும் சிறு பாலங்களையும் குழாய்களையும் கணக்கில் விட்டுவிட்டால், மேட்டின் ஒரு பக்கம் எவ்வளவு நீர் தேங்கும் என்பது தவறிவிடும்.

நான்காவது, கடல். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து மூழ்கியது நினைவிருக்கும். அது அணை உடைப்பு அன்று, மழை வெள்ளம். ஆனால் ஜொகூர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கடலேற்றம் வெள்ளம் வடிவதைத் தாமதப்படுத்தும் என்பதை அது உணர்த்தியது. பத்து பகாட் ஆற்றுக்கும் இது பொருந்தும். உடைப்பு அலை வரும்போது கடல் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வரைபடம் யாருக்காக?

இவ்வளவும் செய்து முடித்தால் கையில் கிடைப்பது ஒரு வரைபடம். எந்த இடத்துக்கு நீர் எத்தனை நிமிடத்தில் வரும், எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், எப்போது வடியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்தப் பள்ளியை நிவாரண மையமாக்கலாம், எந்தச் சாலை முதலில் துண்டிக்கப்படும், அபாயச் சங்கு எங்கே வைக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 2017இல் வெளியான மலேசிய அணைப் பாதுகாப்பு மேலாண்மை வழிகாட்டி, அணைகளுக்கு அவசரகாலத் திட்டம் வேண்டும் என்கிறது. அந்தத் திட்டத்தின் முதுகெலும்பு இத்தகைய கணக்குதான்.

ஆனால் கணக்கு அலமாரியில் இருந்தால் யாரையும் காப்பாற்றாது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், கேமரன் மலையில் ரிங்லெட் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்தாம் பள்ளத்தாக்கு மக்களின் வீடுகளை அடித்துச் சென்றது. உயிர்களும் போயின. அங்கே அணை உடையவே இல்லை. மழையால் நிரம்பிய அணையைக் காக்கத் திறந்த நீர்தான் அது. தண்ணீர் வருகிறது என்ற செய்தி, தண்ணீருக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டையும் எட்டியாக வேண்டும் என்பதை அந்த இரவு காட்டியது.

நீங்கள் ஓர் அணைக்குக் கீழே வசிப்பவரானால் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பகுதிக்கு அணை உடைப்பு வெள்ள வரைபடம் இருக்கிறதா? அதில் நம் வீட்டுக்கு நீர் வரும் நேரம் எவ்வளவு? அந்த நேரத்துக்குள் நடந்தே போகக்கூடிய மேட்டு நிலம் எது? மாவட்ட அலுவலகத்திலும் வடிகால், நீர்ப்பாசனத் துறையிலும் கேட்கலாம். கிராமத் தலைவர் வழியாகவும் கேட்கலாம். மழைக்காலத்தில் அணையின் நீர்மட்டத்தை அத்துறையின் வெள்ளத் தகவல் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். கைப்பேசியில் பரவும் வதந்தியைவிட அது நம்பகமானது.

வரைபடத்தில் உங்கள் வீட்டுக்கு 40 நிமிடம் என்று இருந்தால், உங்கள் வீட்டில் இருக்கும் வயதானவர்களும் குழந்தைகளும் அந்த மேட்டை அடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பாருங்கள். செய்தி வந்துசேரும் நேரத்தையும், இருட்டிலும் மழையிலும் நடை தளரும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். மீதி இருக்கும் நிமிடங்கள் போதவில்லை என்றால், அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நாள் மழை இல்லாத இந்த நாள்தான்.